இருபதுக்கு மேல் ஏற்ற மாட்டேன்

நவம்பர் 17, திங்கள்

காலையில் நல்ல குளிர். ஸ்வெட்டர் இன்னும் பரண்மேல். கேஸ் புக் செய்ய இன்றும் மறந்தாயிற்று.

வங்கியில் ஒரு கூத்து. என் சொந்தக் காசோலையைப் பக்கத்து மேஜை சுனிதா திருப்பிக் கொண்டுவந்து நீட்டுகிறாள். "மேடம், சிக்னேச்சர் மேட்ச் அவ்வட்லேது." கையெழுத்து பொருந்தவில்லையாம். ஊரார் கையெழுத்தை உற்றுப் பார்த்தே இத்தனை வருஷம் சம்பளம் வாங்குகிறவள் நான். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, சிரித்துவைத்தேன். புது மாதிரிக் கையெழுத்து மூன்று இடத்தில் போடச் சொன்னார்கள். மூன்றும் மூன்று விதம். மேலாளர் பார்த்தும் பார்க்காத மாதிரி வாங்கி உள்ளே வைத்தார்.

எல்லாம் இந்தக் கை நடுக்கம். ஆபத்தான வியாதி இல்லை என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். எதையாவது பிடித்தால் ஆடும், சும்மா வைத்திருந்தால் ஆடாது. ஆகச் சும்மா இருக்கச் சொல்கிறார். காலையில் ஒரு மாத்திரை. சாப்பிட்டால் கவுன்ட்டரிலேயே கொட்டாவி.

சாயங்காலம் பிரவீன் போன். பொழுதுபோக்காக வானலையில் உலகத்தோடு தொடர்பு கொள்கிற எங்கள் ஹாம் ரேடியோ கிளப்பின் கேப்டன். கோயம்புத்தூர்ப் பையன், மாதாப்பூரில் சாஃப்ட்வேர், இங்கே வந்து மூன்று வருஷம். மாதக் கடைசி சனி ஞாயிறில் மோர்ஸ் போட்டி. இரண்டு நாளைக்குள் எத்தனை பேரோடு, எத்தனை நாட்டோடு தொடர்பு கொள்கிறோம் என்பதுதான் ஆட்டம். சனி காலை ஐந்தரைக்கு ஆரம்பம். அந்த முதல் ஷிஃப்ட் எனக்காம்! கிளப்பில் சேர்ந்து பதினோரு வருஷம். இதுவரை எனக்கு விழுந்ததெல்லாம் மத்தியானத் தூக்க நேரம், இல்லாவிட்டால் லாக் என்கிற பட்டியலைச் சரிபார்க்கிற வேலை. முதல் ஷிஃப்ட் நாற்காலியில் எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை.

"ஓப்பனிங் உங்களுக்குத்தானுங்க அக்கா. ஒரே ஒரு கண்டிஷனுங்க. ஸ்பீடு முப்பத்தி நாலு. அதுக்குக் கீழ எறங்கக் கூடாதுங்க."

நிமிடத்துக்கு முப்பத்து நாலு சொல் என்று கணக்கு. புள்ளியும் கோடுமாகக் கொட்டும். போட்டியில் நான் அனுப்புவது இருபது. "பார்க்கலாம்பா" என்றேன். நான் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று என் வீட்டுக்காரர் சேகருக்குத் தெரியும். பிரவீனுக்கு இன்னும் தெரியாது.

சந்தோஷம். மறைக்கவில்லை. இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 19, புதன்

மேகமூட்டம். தண்ணீர் லாரி வரவில்லை. வேலைக்காரம்மா வந்தாள், துடைப்பம் தேய்ந்துவிட்டது என்று மூன்றாம் முறை சொன்னாள்.

வங்கிக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் பேடிலில் பழகினேன். பேடில் என்பது இரண்டு சின்ன இலை மாதிரித் தகடு. கட்டைவிரல் தொட்டால் புள்ளி, ஆள்காட்டி விரல் தொட்டால் கோடு. கையை எடுக்கும்வரை புள்ளி புள்ளியாக வந்துகொண்டே இருக்கும். அங்கேதான் வம்பு. நடுங்குகிற விரல் சரியான நேரத்தில் எடுபடாது.

அனுப்பியதை எல்லாம் பதிந்து கேட்டேன். இருபதில் சுத்தம். இருபத்தாறிலும் பரவாயில்லை. முப்பதில் ஒரு புள்ளி அதிகம் விழுகிறது. முப்பத்து நாலில் குளிரில் பல் அடித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. என் பெயரையே என்னால் அடையாளம் காண முடியவில்லை.

சேகர் காபியோடு வந்து நின்றார். "இன்னாத்துக்கு இந்தப் பாடு? அல்லாரும் கம்ப்யூட்டர்லதானே அனுப்பறாங்க. பட்டனைத் தட்டினா அதுவே அனுப்புது. நீயும் தட்டிட்டுப் போயேன்."

உண்மைதான். கிளப்பில் எல்லோரும் அப்படித்தான். அழைக்க ஒரு பட்டன், பதிலுக்கு ஒரு பட்டன், நன்றிக்கு ஒரு பட்டன். நான் ஒருத்திதான் கையால் அனுப்புகிறேன். பிடிவாதமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். காபி ஆறிப்போயிருந்தது.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். இருபது என்பது நடுக்கத்துக்கு முன்னாலிருந்தே என் வேகம். லைசென்ஸ் வாங்கிய புதிதில் என் முதல் போட்டி. பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லா நாடும் கேட்கிறது, ஒன்றும் எழுத முடியவில்லை. ஒருவருடைய அழைப்புக் குறியை, ரேடியோவில் அதுதான் ஆளின் பெயர், அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பிடித்து, தைரியமாகக் கூப்பிட்டேன். அவர் பதில் சொன்னார். எனக்குச் சொன்னாரா வேறு யாருக்கோ சொன்னாரா என்று தெரியாத வேகம். ரேடியோவை அணைத்துவிட்டுப் போய் வெங்காயம் நறுக்கினேன். அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. பிறகு நானும் முப்பத்திரண்டு வரை கையால் அனுப்பக் கற்றேன். ஆனால் போட்டியில் நான் அழைக்கும்போது இருபதுதான், புதிதாக வருகிறவருக்கும் புரிய வேண்டும்.

துடைப்பம், துவரம்பருப்பு, மாத்திரை, டார்ச் செல்.

நவம்பர் 22, சனி

நாலாவது சனி, வங்கி லீவு. வெயில் இதமாக.

சைனிக்புரியில் கிளப் கூட்டம். ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் மாடி அறையைத் தந்திருக்கிறார், மொட்டைமாடியில் டவர் இருக்கிறது. அக்கம்பக்கம் அவ்வளவு அமைதி. நாங்கள் போனால்தான் அந்தத் தெருவில் சத்தம். கிளப் பையன் இம்ரான் கறி வைத்துப் பொரித்த லுக்மி வாங்கிவந்திருந்தான். சூடாக இருந்தது. நான் சைவம் என்று எனக்கு மட்டும் சமோசா. இந்த விஷயத்தில் அவனுக்கு ஞாபகம் தப்பாது.

பிரவீன் டீவித் திரையில் அட்டவணை போட்டுக் காட்டினான். பச்சைக் கட்டம், சிவப்புக் கட்டம். வேகம் கூடினால் ஒரு தொடர்புக்கு இத்தனை நொடி மிச்சம், இரண்டு நாளைக்கு மொத்தம் இவ்வளவு. நன்றாகத்தான் செய்திருந்தான். பிறகு தொண்டையைச் செருமினான். இதைத் தெலுங்கில் சொன்னான், எல்லோருக்கும் புரிய வேண்டுமாம். அக்காவுக்குக் கையில் கொஞ்சம் பிரச்சனை இருக்கிறது, அதனால்தான் மெதுவாக அனுப்புகிறார், இந்தத் தடவை கம்ப்யூட்டர் அனுப்பட்டும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். கையில் டீ. டீ சாஸரில்.

"ஹவ் அக்கா, அச்சா ஐடியா ஹை" என்றான் இம்ரான், நல்ல யோசனையாம். நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் இன்னும் எரிந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். பரிதாபத்துக்கு என்ன பதில் சொல்வது?

"யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஆட்டோவில் திரும்பும்போது கொதித்துக்கொண்டு வந்தேன். என் இருபதைக் கொண்டுபோய் டாக்டர் சீட்டில் எழுதிவிட்டான். இனி நான் என்ன வேகத்தில் அனுப்பினாலும் பாவம் கை என்பார்கள். நேரேட்மெட் வளைவில் ஆட்டோ குலுங்கியபோது ஒரு சந்தேகமும் வந்தது. ஒருவேளை அவன் சொல்வதுதான் சரியோ? கொள்கை, புது ஆட்கள், மரியாதை என்று நான் பேசுவதெல்லாம் கை ஓடாததற்குப் போடுகிற சால்ஜாப்போ? முப்பத்து நாலு என் கைக்கு வந்தால் நானும் அதில்தான் பறப்பேனோ?

இதைச் சேகரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

பரணிலிருந்து ஸ்வெட்டர் இறக்கினோம். அந்துருண்டை வாசனை. கேஸ் புக் செய்தாயிற்று, ஒருவழியாக.

நித்யா கச்சிபௌலியிலிருந்து வீடியோ காலில். நான் தமிழில் பேசுவேன், என் மகள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அவள் பள்ளிக்கூடம் போன நாள் முதல் வீட்டில் இதுதான் ஏற்பாடு.

"ம்மா, ஜஸ்ட் யூஸ் த கீபோர்ட். வாட்ஸ் த பிக் டீல்?"

"பெரிய விஷயம் இல்லடி. கையால அனுப்பினாத்தான் எனக்கு அனுப்பின மாதிரி இருக்கும்."

"பட் தென் தே வில் ஸே இட்ஸ் த ஹேண்ட், நோ?"

போனை வைத்த பிறகும் அதுவே ஓடியது. கையால் அனுப்புகிறவரை கைதான் காரணம் என்பார்கள். கையை எடுத்துவிட்டால்? கம்ப்யூட்டருக்கு நடுக்கம் கிடையாது. அதில் உட்கார்ந்து நான் என்ன வேகம் வைக்கிறேன் என்று பார்த்தால் தெரிந்துபோகும், அவர்களுக்கும் எனக்கும்.

பிரவீனுக்கு மெஸேஜ் போட்டேன்: கம்ப்யூட்டருக்குச் சம்மதம். உடனே மூன்று கும்பிடு, ஒரு ராக்கெட்.

மத்தியானம் பூண்டுக் குழம்பு. சேகர் மூன்று தரம் போட்டுக்கொண்டு, உப்பு கம்மி என்றார்.

நவம்பர் 25, செவ்வாய்

வங்கியிலிருந்து நேராகச் சைனிக்புரி. ஏஎஸ் ராவ் நகர் தாண்டவே ஒரு யுகம். கிளப்பில் ஒத்திகை, ஆளுக்கு அரை மணி நேரம்.

என் முறை. ஹெட்ஃபோனை மாட்டினேன், பேடிலைத் தள்ளி வைத்தேன். பிரவீன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வேகம் ஏற்கெனவே முப்பத்து நாலு. பட்டனைத் தட்டினேன். எங்கள் கிளப்பின் அழைப்புக் குறி பறந்தது, சுத்தமாக, ஒரு புள்ளி பிசகாமல். நன்றாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஜப்பான் ஒன்று, ஐரோப்பா இரண்டு. தட்டு, தட்டு, தட்டு. என் கை சும்மா மேஜைமேல் கிடந்தது. ஆடவில்லை.

மூன்றாவதுக்குப் பிறகு ஒருவர் கூப்பிட்டார். இந்தோனேசியா. ரொம்ப மெதுவாக, தட்டுத் தடுமாறி, தன் குறியைத் தப்பாக அனுப்பித் திருத்திக்கொண்டு. நான் பட்டனைத் தட்டினேன். முப்பத்து நாலில் பதில் பறந்தது. அங்கே மௌனம். திரும்பத் தட்டினேன். மௌனம். போய்விட்டார். எனக்கு வெங்காயம் ஞாபகம் வந்தது.

பிரவீனுக்கு ஆபீஸிலிருந்து போன், மாடிப்படிக்குப் போனான். நான் பேஜ் டவுன் பட்டனில் விரலை வைத்தேன். ஒரு தட்டுக்கு இரண்டு இறங்கும். முப்பத்திரண்டு, முப்பது, இருபத்தெட்டு என்று இறங்கி இருபதில் நின்றது. யாரும் சொல்லவில்லை, கை வலிக்கவில்லை, விரல் தானாகப் போயிற்று. அந்தக் கணத்தில் வந்த நிம்மதியை எப்படி எழுதுவது? ஆட்டோவில் ஏறிய சந்தேகம் இறங்கிவிட்டது. சால்ஜாப்பு இல்லை. நான் இப்படித்தான்.

இருபதில் அழைத்தேன். இந்தோனேசியா திரும்பி வந்தார்! பதில் கொடுத்தேன், அவர் நன்றியை இரண்டு தடவை அனுப்பினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவரும் மெதுவாக.

பிரவீன் உள்ளே வந்து காதைத் தீட்டினான். "கம்ப்யூட்டர் ரீசெட் ஆயிடுச்சுங்களா?"

"ஆகலை. நான்தான் இறக்கினேன்."

"இப்பத்தான் கைப் பிரச்சனை இல்லீங்களே அக்கா. அப்புறம் எதுக்குங்க?"

"அதைத்தான் காட்டறேன். கைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. இது என் வேகம்."

பிறகு அவன் பொறுமையாக அட்டவணையை மறுபடி விளக்கினான். கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் வேகத்தைக் கேட்டே பயந்து கூப்பிடாமல் போகிறவர் எந்தக் கட்டத்திலும் விழுவதில்லை, அவர் வந்ததே உனக்குத் தெரியாது என்றேன்.

"மெதுவா அனுப்பறவங்களுக்காக நாம நிக்க முடியாதுங்க அக்கா. படிக்கத் தெரியலைன்னா அது அவங்க பாடு."

"நம்மளும் அப்படித்தான் வந்தோம், பிரவீன்."

"இது போட்டிங்க. கிளாஸ் இல்லீங்க." அட்டவணையை மூடினான். "சரிங்க. ஓப்பனிங் நான் எடுத்துக்கறேன். நீங்க லாக் செக்கிங் பாத்துக்குங்க. அப்புறம் ரெண்டு நாள் சாப்பாட்டுக்கும் ஒருத்தர் வேணுமுங்க."

சாப்பாடு!

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தேன். "உட்டோ நக்கோ அக்கா, பைட்டோ" என்று இம்ரான் எழுந்திருக்க வேண்டாம் என்று கெஞ்சினான். அதற்குள் எழுந்துவிட்டேன். "சாப்பாட்டை ஆப்ல சொல்லிக்குங்கப்பா. சூடா வரும்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். டிஃபன் டப்பாவை அங்கேயே மறந்துவிட்டேன். திரும்பப் போய் எடுக்க முடியுமா என்ன.

நவம்பர் 27, வியாழன்

குளிர். வங்கியில் பென்ஷன்காரர்கள் கூட்டம், வாழ்க்கைச் சான்றிதழ் கொடுக்கக் கடைசி நாள் நெருங்குகிறது. ஒரு பெரியவர், உயிரோடு இருப்பதை நிரூபிக்க இரண்டு தடவை வரச் சொல்லிவிட்டோம் என்று சண்டை. அவர் பக்கம்தான் நியாயம். சொல்லவும் சொன்னேன்.

மத்தியானம் இம்ரான் போன். டப்பா அவனிடம் பத்திரமாம். "பிரவீன் பாய் கா தில் புரா நை ஹை அக்கா." கெட்ட மனசுக்காரன் இல்லை என்கிறான். நானும் அப்படிச் சொல்லவில்லையே. மன்னிப்பு கேட்டால் மத்தியான ஷிஃப்ட் கிடைக்கலாமாம். எதற்கு மன்னிப்பு? கைக்கு?

சாயங்காலம் முடிவு. தனியாகக் கலந்துகொள்கிறேன். சொந்த அழைப்புக் குறி, சொந்த வீடு, சொந்தக் கை. பேடிலில்தான். ஒரே அலைவரிசை, இருபத்தெட்டு மெகாஹெர்ட்ஸ். அது பகலில் மட்டும்தான் திறக்கும், இருட்டினால் மூடிவிடும், தூக்கம் கெடாது. மாத்திரையால் கண் சொக்குகிறவளுக்கு அதுதான் சரி.

சேகர்: "இன்னாது, அம்மாம் பெரிய கிளப்பை எதிர்த்தா?"

"எதிர்த்து இல்லை. தனியா."

"கோவத்துல செய்யிறியா?"

"கோபத்துலதான் செய்யறேன். அதுல என்ன தப்பு?"

யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு தப்பும் இல்லை என்றார். நல்ல மனுஷன்.

சனிக்கு நாளை லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்தாவது சனி, வங்கி உண்டு.

நவம்பர் 28, வெள்ளி

மாலை சீக்கிரம் வந்து மொட்டைமாடியில் ஏரியல் கட்டினோம். மாமனார் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த காலத்தில் லாலாகுடாவில் கட்டிய வீடு. மாடிச் சுவர் இன்னும் கல் மாதிரி. இந்த அலைவரிசைக்குப் பெரிய கம்பி வேண்டாம், ஒரு புடவைக்குக் கொஞ்சம் குறைவான நீளம். டேப் கிடைக்காததால் முதலில் புடவையை வைத்தே அளந்தோம், அப்புறம் பார்த்தால் டேப் சேகர் சட்டைப் பையிலேயே இருந்தது. என் கை முடிச்சுப் போட மறுத்தது. அவர் போட்டார். ஒர்க்‌ஷாப் முடிச்சு, புயல் வந்தாலும் அவிழாது என்று பீற்றல் வேறு.

கீழ்வீட்டு லட்சுமம்மா ஏறி வந்து கம்பியைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "பட்டலு ஆரேசுகோவச்சா?" துணி காயப்போடலாமா என்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து தாராளமாக என்றேன்.

ஒத்திகையாகக் கேட்டேன். நன்றாகக் கேட்கிறது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் லேசாக முனகுகிறது.

நாளைக்கு: ஃபிளாஸ்க், முறுக்கு, தலையணை முதுகுக்கு, போன் சைலன்ட்.

நவம்பர் 29, சனி

ஐந்தரைக்கே உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை, வெறும் இரைச்சல். வெயில் ஏற ஏற ஜப்பான் திறந்தது.

கிளப்பும் அதே அலைவரிசைக்கு வந்தது. பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள், அலையின் பலம் காட்டுகிற மீட்டர் முள் கடைசிக்கே போய் ஒட்டிக்கொண்டது. முப்பத்து நாலு. பிரவீன்தான். சும்மா சொல்லக் கூடாது, அடித்துத் தள்ளுகிறான். ஜப்பான் முழுக்க அவன் வாசலில் நிற்கிறது. கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. அந்த நாற்காலி எனக்கென்று சொன்ன நாற்காலி.

தள்ளிப்போய் ஒரு மூலையில் இருபதில் அழைத்தேன். யாரும் வரவில்லை. மறுபடி. மறுபடி. ஃபிளாஸ்க் பாதி காலி. சேகர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். அதுவே கேள்வி மாதிரி இருந்தது. வேகத்தை ஏற்றலாமா என்று விரல் குமிழ்வரை போயிற்று. இருபத்தாறு கையிலேயே வருமே. எடுத்துவிட்டேன்.

பிறகு ஒருவர். பிலிப்பைன்ஸ். மெதுவாக. பதில் கொடுத்தேன், ஒரு புள்ளி அதிகம் விழுந்தது, திருத்தினேன். அவர் காத்திருந்தார். அடுத்து ஒருவர். அடுத்து தாய்லாந்து, தன் பெயரையும் சேர்த்து அனுப்புகிறார், போட்டியில் அதெல்லாம் கிடையாது என்று தெரியாத புது ஆள். மத்தியானம் ஐரோப்பா திறந்தபோது ஒரே நேரத்தில் நாலைந்து பேர், எல்லோரும் நிதானமாக, ஒருவர் முடிக்க ஒருவர். கல்யாணப் பந்தியில் அடுத்த இலைக்குக் காத்திருக்கிற மாதிரி அவ்வளவு ஒழுங்கு.

கிளப்பின் எண்ணிக்கையில் கால்வாசிகூட இருக்காது. தெரியும். கை மரத்துப்போய், சாயங்காலம் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, சேகர் பிடித்தார். முதுகு வலி. பதினோரு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு போட்டியில் இருந்ததில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

காலை மாத்திரை போடவில்லை. போட்டால் தூங்கிவிடுவேன். டாக்டர் திட்டட்டும்.

மத்தியானம்வரை நேற்று மாதிரியே. தயிர்சாதம், ஹெட்ஃபோனைக் கழற்றாமல். நித்யா வந்திருந்தாள். வாசற்படியில் நின்று போட்டோ எடுத்து, "ம்மா, யூ லுக் லைக் அ பாஸ்" என்றாள்.

மூன்று மணி வாக்கில்தான் எனக்கு உறைத்தது. போட்டியில் ஒவ்வொரு நாட்டுக்கும் அலைவரிசைக்கு ஒரு தடவை கணக்கு. எத்தனை நாடு சேர்கிறதோ அத்தனையால் மொத்தப் புள்ளி பெருகும். சொந்த நாடும் ஒரு நாடுதான். மற்ற அலைவரிசைகளில் சென்னையோ கொல்கத்தாவோ கேட்கும், இந்தியா சுலபமாகக் கிடைத்துவிடும். இருபத்தெட்டில் அப்படி இல்லை. அலை எகிறி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டித்தான் இறங்கும். சென்னைக்காரர் தலைக்கு மேலே போய்விடும். உள்நாட்டில் கேட்பது உள்ளூர்க்காரர்கள் மட்டும். இந்த ஊரில் மோர்ஸ் தெரிந்தவர்களை எல்லாம் பிரவீன் அந்த மாடி அறையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டான். ஜப்பான் வேண்டும், பிரேசில் வேண்டும் என்று கட்டம் போட்டவன் இந்தியாவை மறந்துவிட்டான்.

வெளியே மிச்சம் இருப்பது நான். போன் செய்து கூப்பிடுவது விதிப்படி தப்பு. காற்றில்தான் வந்து கேட்க வேண்டும்.

சிரித்தேன். கெட்ட சிரிப்புதான்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஐரோப்பா மங்க ஆரம்பித்தது. ஒவ்வொருவராக இரைச்சலுக்குள் போகிறார்கள். நான் அழைத்து முடித்தேன். பதிலுக்குக் காதைப் பிளக்கிற மாதிரி கிளப்பின் குறி. முப்பத்து நாலு.

முதல் தடவையே பிடித்தேன். நடுக்கம் கையில்தான், காதில் இல்லை. பேடிலைத் தொட்டு மூன்று எழுத்து அனுப்பினேன்: க்யூ ஆர் எஸ். மெதுவாக அனுப்பு என்று உலகம் முழுக்க அர்த்தம். இத்தனை வருஷத்தில் கிளப் நிலையத்துக்கு யாரும் அதை அனுப்பிக் கேட்டதில்லை.

மறுபடி முப்பத்து நாலு.

க்யூ ஆர் எஸ்.

மூன்றாம் தடவையும் முப்பத்து நாலு, இந்த முறை இரண்டு தரம் தொடர்ந்து, கதவைத் தட்டுகிற மாதிரி. நானும் அதையே அனுப்பினேன், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு. அப்புறம் ஒன்றும் இல்லை. போய்விட்டான்.

சேகர் டீயோடு. "யாரு அது, அந்தச் சத்தம்?"

"பிரவீன்."

"இன்னாவாம்?"

"என்கிட்ட இந்தியா வேணுமாம்."

"பாவம், குடுத்துட்டுப் போயேன்."

"குடுப்பேன். மெதுவா கேக்கட்டும்."

டீயைத் தள்ளி வைத்தேன். எனக்கும்தான் இந்தியா வேண்டும், ஆனால் எனக்கு அது போனால் ஒன்றும் குடிமுழுகாது. அவர்களுக்குப் போனால் இரண்டு நாள் உழைப்பில் ஓட்டை. இம்ரான் தூங்காமல் உட்கார்ந்திருப்பான். லுக்மி வாங்கி வந்தவன், என் டப்பாவை வைத்திருக்கிறவன். அவன் என்ன செய்தான்? இது அல்பத்தனமோ? அடுத்த தடவை கூப்பிட்டால் பேசாமல் பதில் சொல்லிவிடலாமா? வெளியே வெயில் சிவந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அலைவரிசையே செத்துவிடும், அது செத்தாலும் பக்கத்தில் இருக்கிற பிரவீனுக்கு நான் கேட்பேன், ஆனால் அவன் இந்த அலைவரிசையை விட்டு வேறெங்காவது போய்விடுவான்.

பதில் சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்தேன். நான் கேட்டது ஒரு பட்டனைத் தட்டி வேகத்தைக் கொஞ்சம் இறக்கச் சொல்லித்தான். கை நடுங்குகிறவளுக்குக்கூட அது கஷ்டம் இல்லை.

இருபதில் அழைத்தேன். ஒரு இத்தாலி வந்தார், மங்கலாக, ஆடி ஆடி. எடுத்துக்கொண்டேன். மறுபடி அழைத்தேன். யாரும் இல்லை. இன்வெர்ட்டர் முனகல். மறுபடி அழைத்தேன்.

வந்தது. முள் கடைசிவரை போயிற்று. கிளப்பின் குறி, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, எண்ணி வைத்த மாதிரி. இருபது. இருபதுகூட இல்லை, பதினெட்டு. ஒரு தட்டு அதிகமாகவே தட்டியிருக்கிறான், கோபத்தில்.

பதில் கொடுத்தேன். கை ஆடியது, ஒரு புள்ளியும் கூடவில்லை. போட்டியில் ஒவ்வொருவரும் மாற்றிக்கொள்ள வேண்டிய எண்ணை அவன் அனுப்பினான், பதினெட்டில். முதல் தடவையே பளிச்சென்று விழுந்தது, எழுதியும் ஆயிற்று. இருந்தாலும் இன்னொரு தடவை அனுப்பச் சொன்னேன்.